சிறுமியர் செய்த மொழியும் குருவானவர் செய்த மொழியும்

அண்மையில் ஒரு மாலை வேளையில், விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்திற்குப் பாசஞ்சர் வண்டியில் பயணம் செய்தோம். எதிர் இருக்கையில் பள்ளிச் சீருடை அணிந்த சிறுமியர் மூவர். சன்னலோரத்தில் அவர்களினும் இளையவளான மற்றொருத்தி. அம்மூவருள் ஒருத்தியின் சித்தப்பா மகளாம், ஊருக்குப் புதியவள். வண்டி முண்டியம்பாக்கத்தை அடையுமுன்னரே மூவரும் விந்தையானதொரு மொழியில் பேசத் தொடங்கிவிட்டனர். "கசொகல்கலாகதே! கசொகல்கலாகதே!" என்றாள் ஒருத்தி. மற்ற இருவரும் இளையவளைப் பார்த்துச் சிரித்தனர். அவளோ முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவள் கண்கள் கலங்கியிருந்தன.

வாசகர்களுள் பலர் இதற்குள் புன்னகை புரிந்திருப்பீர்கள். ஆம், அது 'க' பாஷைதான். நம்மில் எத்தனை பேர் பள்ளித் திண்ணையில் அதைப் பேசித் திரிந்திருக்கிறோம்!

அம்மொழியின் இலக்கணம் ஒரே விதியில் அடங்கிவிடும். சொல்லின் ஒவ்வோர் எழுத்துக்கும் முன்னால் ஒரு 'க' சேர்க்க வேண்டும், அவ்வளவே. 'நீ' என்பது 'கநீ' ஆகும். 'தம்பி' என்பது 'கதகம்கபி' ஆகும். 'சொல்லாதே' என்பதே 'கசொகல்கலாகதே' ஆயிற்று. இதில் ஒரு நுட்பம் உண்டு. மெய்யெழுத்து தனித்து ஒலிக்க இயலாதது. உயிரின் துணை அதற்கு வேண்டும் என்று இலக்கண ஆசிரியர் கூறுவர். இங்கே அத்துணையை முன்னால் வந்த 'க' அளிக்கிறது. 'ல்' என்பது 'கல்' என்று எளிதாய் ஒலிக்கிறது. 'காகம்' என்ற சொல்லோ 'ககாகககம்' என்றாகிக் கேட்போரைத் திணற அடிக்கும். ஆயினும் ஓர் எழுத்தை விட்டு ஓர் எழுத்தாய் எடுத்தால் காகம் பழுதின்றிப் பறந்து வந்துவிடும். நன்னூலைக் கண்டிராத சிறுமியர், இமைப்பொழுதில் சொற்களை எழுத்தெழுத்தாய்ப் பிரித்துக் கோக்கின்றனர். தாய்மொழியின் இலக்கணம் ஏட்டில் ஏறுமுன் நாவில் ஏறிவிடுகிறது என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுமோ?

ஒலியை மறைப்பது சிறுவர் வழக்கமெனில், சொல்லை மறைப்பது பெரியோர் வழக்கம். ஒரு கூட்டத்தார் தமக்குள் மட்டும் வழங்கும் சொல்லைக் 'குழூஉக்குறி' என்று நம் இலக்கணம் வகுத்துள்ளது. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்று கூறுவதை அதற்கு எடுத்துக்காட்டாகத் தருவர். சொற்களையே புதிதாய்ப் படைத்தவரும் நம்மிடையே உண்டு. 2015-ஆம் ஆண்டு வெளிவந்த 'பாகுபலி' திரைப்படத்தில் காலகேயர் பேசும் 'கிளிக்கி' மொழியைப் படைத்தவர் கவிஞர் மதன் கார்க்கி. அதில் 'மின்' என்றால் நான். அதைத் திருப்பி 'நிம்' என்றால் நீ. எதிரெதிர்ப் பொருளுக்கு எதிரெதிர் ஒலி!

சொல்லோடு இலக்கணத்தையும் படைத்து, அதை உலகம் முழுவதற்கும் வழங்க முனைந்தவர் ஒருவர் உண்டு. அவர் ஒரு கத்தோலிக்கக் குருவானவர். ஜெர்மனியின் பாடன் பகுதியில் பணியாற்றிய அருட்தந்தை யோகான் மார்ட்டின் ஷ்லையர், உறக்கமற்ற ஓர் இரவில், உலகப் பொதுமொழி ஒன்றை உருவாக்குமாறு இறைவனே தம்மைப் பணித்ததாக உணர்ந்தார். 1879-இல் 'வோலாபூக்' பிறந்தது. 'வோல்' என்றால் உலகம். 'பூக்' என்றால் பேச்சு. 'வோலாபூக்' என்றால் உலகின் பேச்சு.

அதன் வேற்றுமைகள் தமிழரான நமக்கு அந்நியமாய்த் தோன்றா. 'டோம்' என்றால் வீடு. 'டோமா' வீட்டின், 'டோமே' வீட்டிற்கு, 'டோமி' வீட்டை. நம் வேற்றுமை உருபுகளைப் போலவே அவையும் சொல்லின் இறுதியில் ஒட்டிக்கொள்கின்றன. சீனர்க்கு 'ர' ஒலி அரிது என்றெண்ணி, அவ்வொலியை அவர் பெரும்பாலும் விலக்கிவைத்தார். எத்துணைக் கருணை! 1889-இல் பாரிஸ் நகரில் கூடிய மாநாடு அம்மொழியிலேயே நடைபெற்றது.

ஆனால் அதே வேளையில் சரிவும் தொடங்கியது. வினைச்சொல்லின் வடிவங்கள் மிகப் பலவாக இருந்தன. எளிமையாக்க வேண்டும் என்று அன்பர் பலர் வேண்டினர். குருவானவரோ, தம் இசைவின்றி எதையும் மாற்றலாகாது என்று உறுதியாய் நின்றார். அன்பர் பிரிந்தனர், சில ஆண்டுகளுக்குள் அவ்வியக்கம் சிதறியது.

1887-இல் சாமன்ஹாஃப் என்ற யூதக் கண் மருத்துவர் வார்சாவில் மற்றொரு மொழியை வெளியிட்டார். அதுவே எஸ்பெராண்டோ. ரஷ்யர், போலந்தியர், ஜெர்மானியர், யூதர் என நால்வகை மக்கள் நான்கு மொழி பேசி ஒருவரையொருவர் பகைத்த பியாலிஸ்டோக் நகரில் பிறந்தவர் அவர். அவர் வகுத்த விதிகள் பதினாறே. பெயர்ச்சொல் எல்லாம் 'ஓ' என்று முடியும்: 'பாத்ரோ' தந்தை, 'பாத்ரீனோ' தாய். 'போனா' நல்ல, 'மால்' என்ற முன்னொட்டைச் சேர்த்தால் 'மால்போனா', தீய. இலக்கணத்தினும் பெரிது அவர் செய்த மற்றொரு செயல். மொழி சமுதாயத்தின் சொத்து. அதன்மேல் எனக்கென்று எவ்வுரிமையும் இல்லை என முதல் நூலிலேயே அறிவித்துவிட்டார். அம்மொழி இன்றும் வாழ்கிறது. வத்திக்கான் வானொலி 1977 முதல் அதில் ஒலிபரப்பியது. 1994-ஆம் ஆண்டு உயிர்ப்புப் பெருவிழாவன்று திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் அதிலும் வாழ்த்துக் கூறினார்.

பற்றிக்கொண்ட மொழி நழுவிற்று. பகிர்ந்தளித்த மொழி நிலைத்தது.

மீண்டும் வண்டிக்கு வருவோம். பேரணி நிலையத்தில் வண்டி நின்றபோது, மூவருள் மூத்தவள் எழுந்து இளையவளின் அருகில் அமர்ந்தாள். "அழாதே. ரொம்ப சுலபம், சொல்லித் தரேன்" என்று அவள் காதோடு விதியைக் கூறினாள். மயிலம் வரும்வரை அச்சிறுமியின் உதடுகள் ஓசையின்றி அசைந்தவண்ணம் இருந்தன. பின்னர் மெல்ல வாய் திறந்து அவள் கூறிய முதற் சொல்: "கஅகக்ககா!" அக்கா! திண்டிவனத்தில் இறங்கும்போது நால்வரும் ஒருசேரப் பேசிக்கொண்டிருந்தனர். பின்தொடர இயலாமல் தவித்தவர் நாமே.

விதி மாறவில்லை, அதே 'க'தான். முண்டியம்பாக்கத்தில் அது சுவராய் நின்றது. மயிலத்தில் கதவாய்த் திறந்தது.

நம் இல்லங்களிலும் 'க' பாஷைகள் இல்லையா? பாட்டியின் எதிரில் பிள்ளைகளோடு ஆங்கிலத்தில் பேசிச் சிரிக்கும் வேளையில், அவர் முகம் சன்னல் பக்கம் திரும்புவதைக் கண்டிருக்கிறோமா? பிள்ளைகள் ஆங்கிலம் கற்கட்டும். பல மொழிகளும் கற்கட்டும். ஆனால் வீட்டில் ஒருவருக்கேனும் புரியாத பேச்சு எழும்போது, எழுந்து சென்று அவர் அருகில் அமரும் ஒரு பிள்ளையும் அங்கே இருக்கட்டும்.