கத்தரிப் பூவை அதிரவைக்கும் நீலப் பட்டைத் தேனீ

சமூகத் தோட்டத்தின் வெற்று மண்ணில் பென்சில் பருமனுக்குச் சிறு துளைகள். அவற்றுக்குள் தேனீக்கள் நுழைந்து வெளிவருகின்றன. பார்த்ததும் பூச்சிமருந்தைத் தேடத் தோன்றும். சற்றுப் பொறுங்கள். அங்கே குடியிருப்பது உங்கள் கத்தரிச் செடிக்கு உதவும் நீலப் பட்டைத் தேனீயாக இருக்கலாம்.

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் காணப்படும் இந்தக் காட்டுத் தேனீ, 'அமெகில்லா' பேரினத்தைச் சேர்ந்தது. நீளம் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று அதிகம். கரிய வயிற்றின் குறுக்கே பளபளக்கும் நீலப் பட்டைகள்; மார்பில் பழுப்பு நிற ரோமம். பறக்கும் விதமும் அடையாளம்தான். பூவுக்கு முன் அந்தரத்தில் நின்று, உரக்க ரீங்கரித்து, மறுகணம் வேறு பூவுக்குப் பாய்ந்துவிடும்.

பட்டைக்குப் பதிலாக நீலப் புள்ளிகள் இருந்தால் அது வேறு இனம்: குயில் தேனீ. குயில் காக்கைக் கூட்டில் முட்டையிடுவதைப்போல, இது நீலப் பட்டைத் தேனீயின் கூட்டுக்குள் திருட்டுத்தனமாக முட்டையிடும்.

நீலப் பட்டைத் தேனீக்கு ராணியும் இல்லை, தேனடையும் இல்லை. ஒவ்வொரு பெண் தேனீயும் தனக்கெனத் துளை தோண்டி, சிற்றறைகள் அமைக்கும். மகரந்தமும் பூந்தேனும் கலந்த உணவை அறைக்குள் வைத்து, ஒரு முட்டையிட்டு மூடிவிடும். நல்ல இடம் அமைந்தால் பல தேனீக்கள் அருகருகே தோண்டுவதுண்டு. அதனால்தான் அது ஒரே கூட்டம்போலத் தெரிகிறது. ஆண் தேனீக்களோ இரவில் மெல்லிய தண்டுகளைத் தாடையால் கவ்வியபடி உறங்கும்.

கத்தரி, தக்காளிப் பூக்களில் மகரந்தம் குழல் போன்ற பைகளுக்குள் அடைபட்டிருக்கும். இந்தத் தேனீ பூவைப் பற்றிக்கொண்டு, பறப்பதற்கான தசைகளை வேகமாக அதிரவைக்கும். உப்புப் புட்டியைக் குலுக்கியதுபோல மகரந்தம் கொட்டும். பெட்டிகளில் வளர்க்கப்படும் தேனீக்களுக்கு இந்த வித்தை தெரியாது.

கூட்டைக் காக்கப் படையெடுத்து வரும் பழக்கம் இதற்கில்லை. ஆண் தேனீக்குக் கொடுக்கே கிடையாது. பெண் தேனீ கையில் பிடித்தாலோ நசுக்கினாலோ கொட்டும். ஆகவே பிள்ளைகளைச் சற்றுத் தள்ளி நின்று பார்க்கச் சொல்லுங்கள்.

மண் முழுவதையும் சிமெண்டாலும் புல்லாலும் மூடிவிட்டால் இதற்குத் தோண்ட இடமிருக்காது. தோட்டத்தின் ஓரத்தில் கையகல வெற்று மண்ணை விட்டுவையுங்கள். அதற்கான வாடகையைக் கத்தரிக்காயாகவே அது செலுத்திவிடும்.