மீள்கூற்று நகைச்சுவையில் சுட்டுப்பொருள்

ஒரே நகைச்சுவை மீண்டும் மீண்டும் கூறப்படின் சுவை குன்றும் என்பர். கங்கை அமரன் இயக்கிய 'கரகாட்டக்காரன்' (1989) திரைப்படத்தின் வாழைப்பழக் காட்சி இதற்கு மாறானது. இரண்டு பழம் வாங்கி, ஒன்றைத் தின்றுவிட்டு மற்றதைக் கொணரும் செந்திலிடம், 'இன்னொன்று' எங்கே எனக் கவுண்டமணி வினவுகிறார். கொணர்ந்த பழமே அது என்பது விடை. 'இன்னொன்று' என்னும் சொல் முதலில் எண்ணப்பட்ட ஒன்றைச் சார்ந்தே பொருள் தரும். கேட்பவருக்கு முதற்பழம் கையிலிருப்பது. செந்திலுக்கோ தின்று தீர்ந்தது. ஆகவே விடையில் இலக்கண வழு இல்லை, வினாவும் தீர்வதில்லை. விடை மாறாதிருக்க, வினவுபவரின் சினமே முறைதோறும் வளர்கிறது. நகைப்பு பிறப்பது அவ்வளர்ச்சியில்தான்.

பின்னர் இவ்விடை காட்சியினின்று பிரிந்து, மழுப்பலான மறுமொழிகளைக் கேலி செய்யும் தொடராகப் பேச்சில் வழங்கலாயிற்று. தமிழை இரண்டாம் மொழியாகக் கற்பவர் இதன் சொற்களையெல்லாம் அறிந்தும், பிறர் நகைக்கும் காரணம் அறியாது திகைப்பர். பாடநூலில் அவருக்குக் காட்சிக் குறிப்பும் தரப்பட வேண்டும்.