பல வகைக் கதைகள், ஒரே புத்தகம்: காமிக்ஸ் தொகுப்பு வகுப்புக்கு என்ன தரும்?

"டீச்சர், அவன் காமிக்ஸ் படிக்கிறான்!" என்று ஒரு குரல் எழுந்தால் போதும், புத்தகம் நம் மேசைக்கு வந்துவிடும். உள்ளே என்ன கதை என்று நாம் பெரும்பாலும் பார்ப்பதில்லை. காமிக்ஸ் என்றாலே சண்டை, சிரிப்பு, சின்னப் பிள்ளைங்க சமாச்சாரம் என்று முடிவு செய்துவிடுகிறோம்.

இதில் ஒரு குழப்பம் இருக்கிறது. காமிக்ஸ் என்பது கதை சொல்லும் ஒரு வடிவம். நகைச்சுவை, திகில், துப்பறிதல், வாழ்க்கை வரலாறு என்பவை கதை வகைகள். வடிவம் வேறு, வகை வேறு. இந்த வேறுபாட்டை மாணவர்களுக்கு எளிதாகக் காட்டும் நூல், பல வகைக் கதைகளை ஒன்றாகச் சேர்த்த காமிக்ஸ் தொகுப்பு. கட்டுரைத் தேர்வுக்கும் இது உதவும்.

தொகுப்பு என்றால் என்ன?

தொகுப்பு நமக்குப் புதிதல்ல. குறுந்தொகை 4 முதல் 8 அடி, நற்றிணை 9 முதல் 12 அடி, அகநானூறு 13 முதல் 31 அடி என்று படித்திருக்கிறோம். மூன்றும் அகப்பொருள் நூல்கள்தாம். பொருளை ஒன்றாக வைத்து, அடியளவால் பிரித்தார்கள்.

வகை கலந்த காமிக்ஸ் தொகுப்பில் இது தலைகீழ். பல ஓவியர்கள், ஆளுக்குச் சில பக்கங்கள். ஒரு திகில் கதை முடிந்து பக்கத்தைப் புரட்டினால் நகைச்சுவை வரும். அதற்கடுத்து ஒருவரின் குடும்ப நினைவு வரும். அவற்றைத் தேர்ந்தெடுப்பதும் வரிசைப்படுத்துவதும் தொகுப்பாசிரியரின் வேலை.

'ரா' இதழ்: ஓர் எடுத்துக்காட்டு

1954-இல் அமெரிக்கக் காமிக்ஸ் பதிப்பாளர்கள் தங்களுக்குத் தாங்களே ஒரு கட்டுப்பாட்டு விதித்தொகுப்பை வகுத்துக்கொண்டார்கள். திகில், குற்றக் கதைகளுக்கு இடம் குறைந்தது. பிறகு கடைகளில் சாகச வீரர்களின் ஆதிக்கம்தான். அந்தச் சூழலில், 1980-இல் ஆர்ட் ஸ்பீகல்மனும் அவர் மனைவி பிரான்சுவாஸ் மூலியும் நியூயார்க்கில் தாங்களே 'ரா' என்ற பெரிய அளவு தொகுப்பிதழைத் தொடங்கினார்கள். பெரிய நிறுவனம் எதுவும் பின்னால் இல்லை. முதல் இதழின் அட்டையில் வண்ணப் படத்தைக் கையால் ஒட்டினார்கள்.

ஓர் இதழில் பிரான்சின் ஜாக் தார்தி, நெதர்லாந்தின் யூஸ்ட் ஸ்வார்ட்டே என்று பல நாட்டவர். பின்னொரு இதழில் ஜப்பானின் யோஷிஹாரு சுகே. சார்லஸ் பர்ன்ஸின் கதைகளில் திகில் சாயல். சூ கோவின் ஓவியங்களில் கடுமையான அரசியல்.

இரண்டாம் இதழின் உள்ளே ஒரு சின்னக் கையேடு வைக்கப்பட்டிருந்தது. அதுதான் 'மவுஸ்' கதையின் முதல் அத்தியாயம். ஸ்பீகல்மனின் தந்தை விளாடெக், ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் இருந்து உயிர் தப்பிய போலந்து யூதர். மகன் கேட்க, தந்தை சொன்ன கதை அது. யூதர்களை எலிகளாகவும் ஜெர்மானியர்களைப் பூனைகளாகவும் வரைந்திருந்தார்.

எலி, பூனை என்றால் நமக்குச் சிரிப்புப் படம்தான் ஞாபகம் வரும். அந்த உருவத்தில் இனப்படுகொலையைச் சொல்ல முடியுமா? 1972-இலேயே ஸ்பீகல்மன் இதை மூன்று பக்கக் கதையாக வேறொரு காமிக்ஸ் இதழில் முயன்றிருந்தார். 'ரா'வில் அது அத்தியாயம் அத்தியாயமாக வளர்ந்தது. 1986-இலும் 1991-இலும் இரண்டு பாகங்களாக நூல் வடிவில் வந்தது. 1992-இல் சிறப்புப் புலிட்சர் பரிசு கிடைத்தது. முழு நூலாக முடியும்வரை காத்திராமல் அத்தியாயங்களை வெளியிட ஓர் இடம் கிடைத்ததே, அதுதான் சிறு தொகுப்பிதழின் பயன்.

நம் வட்டாரத்தில்

சிரம்பானில் பிறந்து சிங்கப்பூரில் வாழும் சன்னி லியூ, தென்கிழக்காசிய ஓவியர்களின் கதைகளைத் திரட்டி 2008-இல் 'லிக்விட் சிட்டி' என்ற தொகுப்பைக் கொண்டுவந்தார். 2010-இல் வந்த இரண்டாம் தொகுதி, அமெரிக்காவின் ஐஸ்னர் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது.

2015-இல் அவர் எழுதி வரைந்த 'சார்லி சான் ஹாக் சாய்' பற்றிய நூலும் கவனிக்கத்தக்கது. அது ஒரே ஆளின் நூல்தான். ஆனால் ஒரு கற்பனை ஓவியரின் பல பத்தாண்டுப் படைப்புகளைத் தொகுத்ததுபோல் அமைந்தது. பக்கத்துக்குப் பக்கம் வகையும் வரையும் பாணியும் மாறும். சிங்கப்பூர் வரலாற்றைப் பேசிய அந்நூலுக்குத் தந்த 8,000 வெள்ளி மானியத்தைத் தேசியக் கலைகள் மன்றம் திரும்பப் பெற்றது. 2016-இல் அதே நூல் சிங்கப்பூர் இலக்கியப் பரிசையும், 2017-இல் மூன்று ஐஸ்னர் விருதுகளையும் பெற்றது. இதைச் சின்னப் பிள்ளைங்க சமாச்சாரம் என்று சொல்ல முடியுமா?

வகையை எப்படி அடையாளம் காண்பது?

படக்கட்டுரையில் அடிக்கடி வரும் காட்சி: பேருந்து நிறுத்தத்தில் ஒரு பணப்பை கிடக்கிறது. நாற்பது மாணவர்கள் எழுதினால் நாற்பதும் ஒரே கதை. "நேர்மையே சிறந்தது" என்று முடியும். இதே காட்சியை நான்கு வகையில் தொடங்கிப் பார்க்கலாம்.

1. நகைச்சுவை: "அண்ணே, இது உங்க பர்ஸா?" "ஆமா தம்பி. உள்ள எவ்வளவு இருக்குன்னு மட்டும் சொல்லு, ஞாபகப்படுத்திக்கிறேன்."

2. திகில்: பணப்பையைத் திறந்தேன். உள்ளே பணம் இல்லை. ஒரே ஒரு புகைப்படம். அதில் இருந்தது நான்.

3. நினைவுக்குறிப்பு: அதன் தேய்ந்த ஓரத்தைப் பார்த்ததும் தாத்தாவின் ஞாபகம் வந்தது. சம்பள நாளில் அவர் பையைத் திறக்கும்வரை நான் அசையாமல் நிற்பேன்.

4. சமூகக் கதை: உள்ளே பத்து வெள்ளியும், ஒரு வேலை அனுமதி அட்டையும், ஊருக்குப் பணம் அனுப்பிய ரசீதும் இருந்தன. இதைத் தொலைத்தவர் நாளைக்கு எப்படி வேலைக்குப் போவார்?

கவனியுங்கள்: நகைச்சுவையில் உரையாடல் முந்துகிறது. திகிலில் வாக்கியம் குறுகி, தகவல் தாமதமாக வருகிறது. நினைவுக்குறிப்பில் ஒரு பொருள் கடந்த காலத்தைத் திறக்கிறது. சமூகக் கதையில் சின்ன விவரங்கள் ஒருவரின் நிலையைச் சொல்கின்றன. காமிக்ஸில் இதே வேலையைக் கட்டங்களின் அளவு, கோட்டின் தடிப்பு, இருள், பேச்சுக் குமிழிகள் ஆகியவை செய்கின்றன.

தேர்வு எழுதும் மாணவர்களுக்கு ஒரு குறிப்பு: தொடக்கம் வாசகருக்கு ஒரு வாக்குறுதி தருகிறது. திகிலாகத் தொடங்கிவிட்டு, கடைசிப் பத்தியில் திடீரென அறிவுரைக்குத் தாவினால் கதை உடைந்துவிடும். "மவுஸ் மட்டும் இரண்டு வகையைக் கலக்குதே?" என்று ஒருவர் கேட்கலாம். நல்ல கேள்வி. அங்கே எலி உருவமும் உண்மை வரலாறும் தொடக்கத்திலிருந்தே சேர்ந்து வருகின்றன. பாதியில் ஒட்டவைத்தது அல்ல. கலக்கலாம், ஆனால் திட்டமிட்டுக் கலக்க வேண்டும்.

வகுப்பில் செய்ய

நால்வர் கொண்ட குழு. ஒரே நிகழ்வு, ஆளுக்கு ஒரு வகை, ஒரு பக்கத்தில் ஆறு கட்டங்கள். ஓவியம் நன்றாக வராதவர் குச்சி மனிதர்களை வரைந்தால் போதும். ஐந்தாவது மாணவர் தொகுப்பாசிரியர். எந்தக் கதை முதலில், எது கடைசியில், ஏன் என்று அவர் அரைப்பக்க முன்னுரை எழுத வேண்டும். பிறகு ஒவ்வொருவரும் தம் பக்கத்தை 150 சொற்களில் உரைநடையாக மாற்றட்டும். படத்தில் காட்டியதை எந்தச் சொற்களால் ஈடுகட்டுகிறோம் என்பது அப்போது தெரியும்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. தொகுப்பில் எல்லாப் பக்கமும் எல்லா வயதுக்கும் ஏற்றதல்ல. 2022-இல் அமெரிக்காவின் டென்னசியில் ஒரு பள்ளி வாரியம், கடுஞ்சொற்களையும் ஓர் ஆடையற்ற உருவத்தையும் காரணம் காட்டி 'மவுஸ்' நூலை எட்டாம் வகுப்புப் பாடத்திலிருந்து நீக்கியது. அது உலகளவில் பெரிய விவாதமானது. எனவே முதலில் நாம் முழுவதும் படிக்க வேண்டும். எதை, எந்த வகுப்புக்கு, ஏன் தருகிறோம் என்று பெற்றோரிடம் சொல்லத் தெரிய வேண்டும்.

அடுத்த முறை ஒரு காமிக்ஸ் நம் மேசைக்கு வரும்போது, திருப்பித் தருவதற்கு முன் அந்த மாணவரிடம் கேட்போம்: "இது என்ன வகைக் கதை? எப்படிக் கண்டுபிடிச்சே?" அவர் பதில் சொல்லத் தொடங்கினால், கட்டுரைப் பாடம் தொடங்கிவிட்டது.