பழைய கணிப்பொறிக்கு மாற்று மின்வழங்கி

ஊராட்சி அலுவலகக் கணிப்பொறி ஒரு நாள் இயங்க மறுத்தால், உடனே அதனை ஒதுக்கிவிட்டுப் புதியது வாங்கத் தீர்மானிப்பது சிக்கனமாகாது. சுவர்ப் பிளக்கும் மின்கம்பியும் சரியாக இருப்பின், பழுது ‘பவர் சப்ளை’ எனப்படும் மின்வழங்கிப் பெட்டியில் மட்டும் இருத்தல் கூடும். வரிக் கணக்குகள் அடங்கிய வன்தட்டு சேதமின்றி இருக்கலாம்.

230 வோல்ட் மின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட் நேர்மின்னோட்டமாக மாற்றித் தருவதே இப்பெட்டியின் வேலை. மாற்றுப் பெட்டி வாங்குமுன் கவனிக்க வேண்டியவை நான்கு.

முதலாவது, இணைப்பு. 1995-இல் வெளியான ஏ.டி.எக்ஸ். முறையில் பிரதான இணைப்புக்கு 20 முனைகள்; 2003-இல் வந்த திருத்தத்தில் அவை 24 ஆயின. நான்கு முனைகளைத் தனியே பிரிக்கத்தக்க பெட்டி இரண்டுக்கும் பொருந்தும்.

இரண்டாவது, மின்னோட்டம். மிகப் பழைய கணிப்பொறிகள் 5 வோல்ட்டில் மிகுதியாக இழுப்பவை. புதிய பெட்டிகளோ 12 வோல்ட்டில் வலிமை மிக்கவை. ஆகையால், மொத்த வாட்டை மட்டும் நோக்காமல், ஒவ்வொரு வோல்ட்டுக்கும் எதிரே குறித்துள்ள ஆம்பியரையும் ஒப்பிடுக. அது குறையலாகாது, மிகுந்தால் தீங்கில்லை.

மூன்றாவது, அளவு. வழக்கமான பெட்டி 150 மி.மீ. அகலமும் 86 மி.மீ. உயரமும் உடையது.

நான்காவது, கம்பி வரிசை. 1990-களின் பிற்பகுதியில் வெளிவந்த டெல் கணிப்பொறிகள் சிலவற்றில் இணைப்பு ஒன்றுபோல் தோன்றினும் கம்பி வரிசை வேறு. பொதுப் பெட்டியைப் பொருத்தினால் தாய்ப்பலகையே எரிந்துபோகக்கூடும்.

115/230 மாற்று விசை இருப்பின், 230-இல் வைத்த பிறகே மின்சாரம் பாய்ச்ச வேண்டும். பழைய பெட்டியைத் திறக்கலாகாது. உள்ளிருக்கும் மின்தேக்கிகளில் மின்சாரம் தேங்கியிருக்கும். அதனை அப்படியே கழற்றிக் கடைக்கு எடுத்துச் சென்று, ஒப்பிட்டு வாங்குதல் நலம்.