இரட்டை நகரங்கள்: உறவும் உருவும்

'இரட்டை நகரம்' என்னும் தொடர் இன்று மூன்று பொருள்களில் வழங்குகின்றது. அடுத்தடுத்து நின்று ஒன்றாய் வளர்ந்த இரண்டு ஊர்களை அது முதலில் குறித்தது. பின்னர், நாடும் கடலும் இடையிட்டிருந்தும் ஒப்பந்தத்தால் உறவு பூண்ட நகரங்களைக் குறித்தது. இப்பொழுதோ, ஒரு நகரத்தையும் கணினிக்குள் எழுப்பப்படும் அதன் உருவத்தையும் சேர்த்துக் குறிக்கின்றது. மலாய் மொழியிலும் இந்நிலையே. உறவு பூண்ட நகரைச் சுட்டும் 'கெம்பார்' என்னும் சொல்லே கணினி உருவையும் சுட்டுகின்றது. மூன்றும் வெவ்வேறு போலத் தோன்றினும் மூன்றுக்கும் உயிர்நாடி ஒன்றே. அஃது யாதென ஆராய்வோம்.

தமிழர் கண்ட இரட்டை நகர்

சிலப்பதிகாரம் காட்டும் புகார் இரண்டு பாக்கங்களால் ஆயது. கடலை அடுத்த மருவூர்ப்பாக்கத்தில் யவனரும் பரதவரும் கைவினைஞரும் சிறு வணிகரும் வாழ்ந்தனர். பட்டினப்பாக்கத்தில் அரச வீதியும் பெருவணிகர் மாளிகைகளும் இருந்தன. தொழிலாலும் செல்வத்தாலும் வேறுபட்ட இவ்விரண்டையும் ஒரு நகராக்கியது எது? இடையே மரச்சோலை நிழலில் அமைந்த நாளங்காடியே என்க. இரு வேந்தர் படைகளுக்கு இடைப்பட்ட போர்க்களத்தை அதற்கு உவமையாக்குகின்றார் இளங்கோவடிகள். ஆயினும் அங்கு எழுந்த ஆரவாரம் கொடுப்போரும் கொள்வோரும் எழுப்பிய ஆரவாரமே. பகலில் கூடியமையால் அது நாளங்காடி எனப் பெற்றது.

பிற்காலத்திற்கு நெல்லையும் பாளையங்கோட்டையும் சான்றாகும். இடையே தாமிரபரணி ஓடுகின்றது. வெள்ளக் காலத்தில் அக்கரையார் அக்கரையிலும் இக்கரையார் இக்கரையிலும் நிற்க வேண்டியதுதான். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் பணிபுரிந்த சுலோசன முதலியார் தம் சொந்தப் பொருளைச் செலவிட்டுப் பாலம் கட்டுவித்தார். 1843இல் அது திறக்கப்பட்டது. அப்பாலத்தில் ஆளும் வண்டியும் இடையறாது செல்லச் செல்ல, ஊர்கள் இரண்டும் இரட்டை நகரங்கள் என்னும் பெயரை நிலைநாட்டிக்கொண்டன. புகாருக்கு அங்காடி, நெல்லைக்குப் பாலம்.

உறவுக்கு இட்ட பெயர்கள்

ஒப்பந்தத்தால் இணையும் நகரங்களுக்கு ஒவ்வொரு நாட்டாரும் ஒவ்வொரு பெயர் வைத்துள்ளனர். ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் இரட்டையர் என்றனர். ஜெர்மானியர் பங்காளி நகர் என்றனர். அமெரிக்கர் உடன்பிறந்தாள் நகர் என்றனர். சீனர் மட்டும் 'நட்பு நகர்' என்னும் பெயரையே விரும்பினர். சீன மொழியில் உடன்பிறந்தாள் என்றால் அக்காளா தங்கையா என்னும் வினா எழும்; நகரங்களுள் மூத்தது இளையது என்னும் வேற்றுமை தோன்றும். தமிழாசிரியர்க்கு இஃது எளிதில் விளங்கும். நம் பேச்சு வழக்கிலும் அக்காள் உண்டு, தங்கை உண்டு. இரண்டுக்கும் பொதுவான எளிய சொல் இல்லை. ஆதலின் 'இணை நகர்', 'நட்பு நகர்' என்பனவே தமிழுக்குப் பொருந்துவன எனலாம்.

இவ்வழக்கம் பெருகியது இரண்டாம் உலகப் போரின் விளைவாகும். இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகர் 1940 நவம்பரில் குண்டுவீச்சால் சிதைந்தது. இரஷ்யாவின் ஸ்டாலின்கிராடு 1942, 1943ஆம் ஆண்டுகளின் பெரும்போரில் மண்மேடாயிற்று. கோவென்ட்ரிப் பெண்கள் எண்ணூற்றுக்கும் மேற்பட்டோர் தம் பெயர்களை ஒரு மேசை விரிப்பில் பூத்தையலிட்டு, திரட்டிய பொருளோடு அந்நகருக்கு அனுப்பினர். 1944இல் இரு நகரங்களும் இணை நகரங்களாயின. போர் ஓய்ந்தபின் பகைநாட்டு நகரங்களும் இவ்வழியே கைகோத்தன. அமெரிக்காவின் செயின்ட் பால் நகர் 1955இல் ஜப்பானின் நாகசாகியோடு இணைந்தது. மறு ஆண்டில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஐசனோவர் மக்களுக்கும் மக்களுக்கும் இடையிலான உறவை வளர்க்கும் திட்டத்தைத் தொடங்கிவைக்க, இம்முயற்சி நாடெங்கும் பரவியது.

இதற்கு மறுபுறமும் உண்டு. 2022இல் உக்ரேன் போர் மூண்டதும் ஐரோப்பிய நகரங்கள் பல இரஷ்ய நகரங்களோடு கொண்ட உறவை நிறுத்தி வைத்தன. போரில் பிறந்த உறவு போரினாலேயே இடையறவும் கூடும்.

தந்தையின் நகரும் மகனின் நகரும்

மலேசியாவில் இத்தகைய உறவுக்குச் சிறந்த சான்று பினாங்கின் ஜார்ஜ் டவுனும் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டும் ஆகும். 1786இல் பினாங்கில் ஆங்கிலக் குடியேற்றத்தை நிறுவியவர் பிரான்சிஸ் லைட். அதே ஆண்டில் கெடாவில் பிறந்த அவர் மகன் வில்லியம் லைட், பின்னாளில் அளவையாளராகித் தென் ஆஸ்திரேலியாவின் தலைநகரான அடிலெய்டுக்கு இடம் தேர்ந்து, 1837இல் வீதிகளையும் சுற்றிலும் பூங்காவெளியையும் வகுத்தார். தந்தை கண்டது ஒரு நகர். மகன் வகுத்தது மற்றொன்று. 1973இல் இரண்டும் முறைப்படி இணை நகரங்களாயின. பினாங்குக் கோட்டையருகே நிற்கும் பிரான்சிஸ் லைட்டின் சிலைக்கு, அவர் உருவப்படம் கிடைக்காமையால், மகனின் முகச்சாயலையே சிற்பி மேற்கொண்டார் என்பர். இரட்டை நகரங்களுக்கு இதனினும் பொருத்தமான அடையாளம் வேறு வேண்டுவதில்லை.

தமிழர் நகரங்களும் இவ்வுறவில் பின்தங்கவில்லை. சென்னை 1966இல், ஸ்டாலின்கிராடு என முன்னர்ப் பெயர் பெற்றிருந்த வோல்காகிராடோடும், 1984இல் அமெரிக்காவின் டென்வரோடும், 2010இல் கோலாலம்பூரோடும் இணைந்தது. யாழ்ப்பாணம் 2016இல் இலண்டன் மாநகரின் கிங்ஸ்டன் வட்டாரத்தோடு இணைந்தது. கிங்ஸ்டனில் ஈழத்தமிழர் பலர் குடியேறி வாழ்கின்றனர். பெயர்ந்த மக்கள் முன்னே செல்ல, ஒப்பந்தம் பின்னே சென்றது என்று இதனைக் கூறலாம்.

ஆயினும் கையெழுத்திட்ட நாளோடு உறவு முடிந்துவிடின், எஞ்சுவது சுவரில் தொங்கும் ஏடொன்றே. மாணவரும் மருத்துவரும் கலைஞரும் வணிகரும் போக்குவரத்துப் பெற்றிருக்கும்வரைதான் இணை இணையாகும்.

கணினிக்குள் எழும் நகர்

இனி மூன்றாம் பொருளுக்கு வருவோம். 1970 ஏப்ரலில் நிலவை நோக்கிச் சென்ற அப்போலோ 13 விண்கலத்தில் ஆக்சிஜன் கலம் வெடித்தது. தரையிலிருந்த பொறியாளர், கலத்தைப்போலவே அமைந்திருந்த பயிற்சிக் கூண்டுகளில் ஒவ்வொரு வழியையும் செய்து பார்த்து, சரியானதை மேலே இருந்தவர்க்குச் சொல்லி அனுப்பினர். மூவரும் உயிரோடு மீண்டனர். மேலேயுள்ள கலத்தின் நிலையைக் கீழேயுள்ள கலம் அறிந்தது; கீழே கண்ட தீர்வு மேலே பயன்பட்டது. இக்கருத்தையே கணினிக்கு ஏற்ப 2002இல் மைக்கேல் கிரீவ்ஸ் என்னும் அமெரிக்க அறிஞர் விளக்கினார். சில ஆண்டுகள் கழித்து அதற்கு 'எண்ம இரட்டை' என்று பொருள்படும் பெயர் அமைந்தது. எண்மம் என்பது தமிழ்நாட்டு வழக்கு. சிங்கப்பூரில் மின்னிலக்கம் என்பர்.

இதனை 'நகல்' என்று மொழிபெயர்த்தல் பொருந்தாது. அறிஞர் இதில் மூன்று நிலை வகுப்பர். ஒருமுறை அளந்து செய்துவைத்த உருவம் படிமம். உண்மைப் பொருளிலிருந்து செய்தி இடையறாது வந்து மாறிக்கொண்டே இருப்பது நிழல். அவ்வாறு வந்த செய்தியால் கண்ட முடிவு மீண்டும் உண்மைப் பொருளுக்குச் சென்று அதனை மாற்றுமாயின், அதுவே இரட்டை. நகல் ஒரு வழிப்பட்டது. இரட்டை இரு வழிப்பட்டது.

சிங்கப்பூர் அரசு 2014இல் தன் தீவு முழுமைக்கும் இத்தகைய உருவம் ஒன்றை அமைக்கும் திட்டத்தை அறிவித்து, 7 கோடியே 30 இலட்சம் வெள்ளியை ஒதுக்கியது. விமானத்திலிருந்து ஒளிக்கதிர்த் துடிப்புகளைத் தரைமேல் பாய்ச்சி, அவை திரும்பும் நேரத்தைக்கொண்டு உயரங்களை அளந்தனர். லைடார் எனப்படும் இம்முறையில், கதிர்களுட் சில இலைகளின் இடுக்கு வழியே சென்று மண்ணைத் தொட்டு மீளும். ஆதலின் காட்டுக்கு அடியிலுள்ள மண்ணின் வடிவமும் புலனாகும். இத்தகைய உருவத்தில், ஒரு மாடி எழுந்தால் எவ்வீதியில் நிழல் விழும், பெருமழை பெய்தால் நீர் எங்கே தேங்கும் என்பனவற்றை முன்னரே ஆராயலாம்.

கேமரன் மலை தரும் பாடம்

இவையெல்லாம் பெருநகரங்களுக்கு உரியன, மலைத்தோட்டங்களுக்கு என்ன தொடர்பு என்று எண்ணற்க. உருவத்தை நம்பி உண்மையை இழப்பது எவ்வாறு என்பதைப் பகாங் மாநிலத்துக் கேமரன் மலையின் வரலாறு நன்கு காட்டும்.

1885இல் அரசாங்க அளவையாளர் வில்லியம் கேமரன் இம்மேட்டுநிலத்தைக் கண்டார். ஆனால் அவர் கண்ட இடம் வரைபடத்தில் செவ்வனே குறிக்கப்படாமையால் நாற்பது ஆண்டுகள் பயனற்றுக் கிடந்தது. 1925இல் ஜார்ஜ் மேக்ஸ்வெல் வந்து பார்த்த பின்னரே மலைவாழிடம் அமைக்கும் முயற்சி தொடங்கிற்று. 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல், இலங்கைத் தேயிலையில் பழகிய ஏ. பி. மில்னோடு சேர்ந்து 'போ' தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். காட்டை அழித்துத் தேயிலை நட்டு மலையை வாழிடமாக்கியவருள் தமிழர் பெரும் பங்கினர். வரைபடத்தில் இல்லாத ஊர் அரசின் கண்ணிலும் இல்லை என்பது இம்மலை கற்பித்த முதற் பாடம்.

இரண்டாம் பாடம் நீர் கற்பித்தது. தெலோம் ஆற்றின் நீரைச் சுரங்கவழியே பெர்த்தாம் ஆற்றில் சேர்த்து, ரிங்லெட்டில் 1963இல் சுல்தான் அபுபக்கர் அணை கட்டப்பட்டது. தேங்கிய நீர் மலையைக் குடைந்த வழியே பேராக் பக்கம் இறங்கி மின்சாரம் தருகின்றது. நாளடைவில் மேலுள்ள சரிவுகள் காய்கறித் தோட்டங்களுக்காகவும் கட்டடங்களுக்காகவும் வெட்டப்பட, மண் கரைந்து ஏரியை அடைந்து, அதன் கொள்ளளவில் பெரும் பங்கை வண்டலாக நிரப்பியது. பத்துப் படி கொள்ளும் பானையில் ஐந்து படி மணல் கிடந்தால், ஆறாம் படி நீர் வழிந்தோடுமன்றோ? பானையின் மேல் எழுதிய அளவு மட்டும் மாறாமல் பத்து என்றே நிற்கும். ஆறும் அவ்வாறே தூர்ந்தது. அதன் கரைகளில் வீடுகளும் எழுந்தன. 2013 அக்டோபரில் பெருமழைக்குப்பின் இரவில் அணை நீர் திறக்கப்பட, பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்து உயிர்களையும் உடைமைகளையும் கொண்டது. மறு ஆண்டு நவம்பரில் மீண்டும் சேற்றுவெள்ளமும் மண்சரிவும் உயிர் கொண்டன.

அதன்பின் இம்மலையின் சரிவுகள் லைடார் முறையால் அளக்கப்பட்டு அபாய வரைபடங்கள் வரையப்பட்டுள்ளன. இது நல்ல தொடக்கம். ஆனால் படிமம் வேறு, இரட்டை வேறு. நேற்று அளந்த சரிவு இன்று வெட்டப்பட்டிருக்கலாம். நேற்றிருந்த ஓடை இன்று நெகிழிக் கூடாரத்தின்கீழ் மறைந்திருக்கலாம். தமிழரோடு வங்கதேசத்தாரும் நேபாளத்தாரும் இந்தோனேசியரும் இன்று தோட்டங்களில் உழைக்கின்றனர். அவருள் எத்தனை பேர் எந்தக் கரையில் உறங்குகின்றனர் என்பதை விமானத்துக் கதிர் சொல்லாது. எச்சரிக்கை மணி எம்மொழியில் ஒலித்தால் அவர்க்கு விளங்கும் என்பதையும் அது சொல்லாது. இவற்றை அங்கு வாழ்வோரே சொல்லுதல் வேண்டும். அவர் சொன்னது உருவத்துள் ஏறுதல் வேண்டும். உருவம் கண்டறிந்தது வெள்ளத்திற்கு முன்னே அவர் வாசலை எட்டுதல் வேண்டும். இவ்விரு போக்குவரத்தும் இல்லையேல், அது கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த பொம்மை மலையே.

பள்ளிகள் செய்யத் தக்கது

இப்பணியில் பள்ளிகளுக்கும் பங்குண்டு. பள்ளி முற்றத்தில் ஒரு மழைமானி வைத்து, நாள்தோறும் காலையில் ஒரு மாணவன் அளந்து எழுதிவருதல் அரிய செயலன்று. 1 மில்லிமீட்டர் மழை என்பது ஒரு சதுர மீட்டர் நிலத்தில் 1 லிட்டர் நீர். 50 மில்லிமீட்டர் பெய்தால் ஒரு ஹெக்டர் சரிவில் 5 இலட்சம் லிட்டர் விழும். இக்கணக்கைத் தாமே போட்டுப் பார்த்த மாணவர்க்கு, சரிவை வெட்டுவதன் விளைவை எவரும் விளக்க வேண்டியதில்லை. தோட்டத்து மக்கள் ஓடைக்கும் மேட்டிற்கும் வழங்கும் பெயர்களை முதியோரிடம் கேட்டு எழுதிவைத்தலும் தமிழ்ப் பாடமே ஆகும். அப்பெயர்கள் அரசு வரைபடத்தில் ஏறுமாயின், ஆபத்துக் காலத்தில் உதவி தேடி வருவோர்க்கு வழி தெரியும்.

அவ்வாறே, நுவரெலியாவிலோ நீலகிரியிலோ தேயிலைச் சரிவில் நிற்கும் தமிழ்ப் பள்ளி ஒன்றோடு கேமரன் மலைப் பள்ளி ஒன்று இணை பூணலாம். மாதந்தோறும் மழைக்கணக்கும் மாணவர் கட்டுரைகளும் மாறிச் சென்றால் அதுவே உறவாகும். பெருவிழாவும் பட்டயமும் வேண்டா.

பிசிராந்தையாரும் கோப்பெருஞ்சோழனும் ஒருவரை ஒருவர் காணாமலே நட்புப் பூண்டவர். ஆயினும் சோழன் வடக்கிருந்த காலத்தில் பாண்டி நாட்டினின்றும் பிசிராந்தையார் வந்து சேர்ந்தார். வரவேண்டிய நாளில் வந்தமையாலேயே அந்நட்பு போற்றப்படுகின்றது. நகரோடு நகர் பூணும் உறவுக்கும் நகரோடு அதன் உருவம் பூணும் உறவுக்கும் உரைகல் அதுவே. இடுக்கண் வரும் நாளில் செய்தி வந்து சேருமாயின் அது இணை. சேராதாயின் வெறும் பெயர்.