லாரி இன்ஜின் வேலை: எதை மாற்றிப் போடலாம், எதற்கு ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டும்?

வண்டி ஆயில் குடிக்கிறது. மேடு ஏறினால் நீலப் புகை தள்ளுகிறது. டிப் ஸ்டிக்கை உருவிப் பார்த்தால், முந்தாநாள் ஊற்றிய ஆயிலைக் காணோம். மெக்கானிக் ஹெட்டைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "இன்ஜின் வேலைதாண்ணே, வேற வழியில்ல" என்கிறார். கூடவே ஒரு யோசனையும் சொல்கிறார்: "எல்லாத்தையும் புதுசா போட்டா தாங்காது. புதுப்பேட்டையில ஒரு ஹாஃப் இன்ஜின் கெடக்கு. உங்க இன்ஜினோட தம்பிதான் அது. அதுல இருந்து எடுத்து இதுல போட்டுரலாம்."

ஒரே ஒரு லாரி, அதற்கும் தவணை பாக்கி என்று ஓட்டிக்கொண்டிருப்பவருக்கு இந்த யோசனை இனிக்கத்தான் செய்யும். தப்பான யோசனையும் இல்லை. ஒரே குடும்பத்தைச் சேர்ந்த இன்ஜின்களுக்குள் பாகங்களை மாற்றிப் போடுவது லாரித் தொழிலில் காலங்காலமாக நடப்பதுதான். ஆனால் இரண்டு இடத்தில் கால் இடறும். ஒன்று பட்டறையில்: பெயர் ஒன்றாக இருக்கும், அளவு வேறாக இருக்கும். இன்னொன்று வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில்: மாற்றிய பாகத்தில் இன்ஜின் எண் இருந்துவிட்டால், வண்டியில் ஓர் எண், ஆர்.சி. புக்கில் வேறோர் எண் என்று ஆகிவிடும். காசு கொடுப்பதற்கு முன்பே இந்த இரண்டையும் பார்த்துவிட வேண்டும்.

முதல் அளவுகோல் உங்கள் ஆர்.சி.யிலேயே இருக்கிறது

உதாரணத்துக்கு, நம் சாலைகளில் அதிகம் ஓடும் டாடா இன்ஜின்களையே எடுத்துக்கொள்வோம். 497, 697 என்று சொல்கிறோமே, அந்த எண்களுக்கு அர்த்தம் உண்டு. முதல் இலக்கம் சிலிண்டர்களின் எண்ணிக்கை. கடைசி இரண்டு இலக்கங்கள் போர் அளவு, அதாவது சிலிண்டரின் குறுக்களவு, மில்லிமீட்டரில். 697 என்றால் ஆறு சிலிண்டர், 97 மி.மீ. போர். 497 என்றால் நான்கு சிலிண்டர், அதே 97 மி.மீ. போர்.

இந்த 97-க்கு ஒரு பழைய கதை இருக்கிறது. டாடா நிறுவனம் 1954-ல் ஜெர்மனியின் டைம்லர்-பென்ஸுடன் கூட்டுச் சேர்ந்து இந்தியாவில் லாரி தயாரிக்கத் தொடங்கியது. அந்தக் கூட்டு 1969 வரை நீடித்தது. மெர்சிடிஸின் ஓஎம் 352 என்ற ஆறு சிலிண்டர் இன்ஜினுக்கும் போர் 97, ஸ்ட்ரோக் 128 மி.மீ.தான். நம் 697-க்கும் அதே அளவுகள். பழைய ஆட்கள் இன்றைக்கும் 'பென்ஸ் லாரி' என்று சொல்வது சும்மா இல்லை.

போர் மட்டும் ஒன்றாக இருந்தால் போதாது. பிஸ்டன் மேலும் கீழும் போய்வரும் தூரமான ஸ்ட்ரோக்கும் ஒத்துவர வேண்டும். கணக்கு எளிது. போரை சென்டிமீட்டரில் எடுத்து, அதை அதே எண்ணால் பெருக்கி, 0.7854-ஆல் பெருக்கி, ஸ்ட்ரோக்காலும் சிலிண்டர் எண்ணிக்கையாலும் பெருக்கினால் இன்ஜினின் சி.சி. வந்துவிடும். 97 போர், 128 ஸ்ட்ரோக், ஆறு சிலிண்டர் என்றால் 5,675 சி.சி. அதே அளவில் நான்கு சிலிண்டர் என்றால் 3,783 சி.சி. 709, 909, 1109 வண்டிகளின் 497 டி.சி.ஐ.சி. இன்ஜின் இந்த 3,783 சி.சி. வகை.

இப்போது 407-க்கு வாருங்கள். அதில் வந்த 497 எஸ்.பி. இன்ஜினின் கொள்ளளவு 2,956 சி.சி. பெயரில் அதே 497. போரும் அதே 97. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள், ஸ்ட்ரோக் 100 மி.மீ.தான் வரும். 28 மி.மீ. வித்தியாசம்! "ரெண்டும் 497 தானே" என்று ஒன்றின் கிராங்கை இன்னொன்றுக்கு வாங்கி வந்தால், அதைத் திரும்பக் காயலான் கடையில் எடைக்குத்தான் போட வேண்டும். பழைய 1210 வண்டிகளில் வந்த 692 இன்னும் தள்ளி நிற்கிறது: போர் 92, ஸ்ட்ரோக் 120, கொள்ளளவு சுமார் 4.8 லிட்டர். "போரைக் குடைஞ்சு 97 ஆக்கிரலாம்" என்று யாராவது சொன்னால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

ஆர்.சி.யில் சிலிண்டர் எண்ணிக்கையும் கன கொள்ளளவும் அச்சிட்டிருக்கும். நீங்கள் பாகம் எடுக்கப்போகும் வண்டியின் ஆர்.சி. நகலையும் கேட்டு வாங்கி, இரண்டையும் பக்கத்தில் வைத்து இந்தக் கணக்கைப் போடுங்கள். ஐந்து நிமிட வேலை. மெக்கானிக்கின் அனுபவத்தைச் சந்தேகப்படுவதாக ஆகாது. அவரும் இதைத்தான் வேறு வழியில் பார்ப்பார்.

அசோக் லேலண்ட் வண்டி வைத்திருப்பவர்களுக்கும் இதே கதைதான். ஜப்பானின் ஹினோ நிறுவனத்தின் தொழில்நுட்பத்தில் வந்த 'எச்' சீரிஸில் 5,759 சி.சி. இன்ஜினும் உண்டு, 5,660 சி.சி. இன்ஜினும் உண்டு. கம்மின்ஸ் பி சீரிஸில் நான்கு சிலிண்டரும் ஆறு சிலிண்டரும் 102 போர், 120 ஸ்ட்ரோக் என்று ஒத்துப்போகும். ஆனால் ஹெட்டில் 12 வால்வு வகையும் 24 வால்வு வகையும் தனித்தனி. சீரிஸ் பெயரை நம்பி வாங்காதீர்கள்.

அளவு ஒத்தாலும் அப்படியே போட முடியாதவை

சரி, போரும் ஸ்ட்ரோக்கும் ஒத்துவிட்டன. அப்போது எல்லாமே பொருந்துமா? இல்லை. டர்போ இல்லாத இன்ஜினின் பிஸ்டனையும் டர்போ இன்ஜினின் பிஸ்டனையும் கையில் எடுத்தால் ஒன்றுபோலத் தெரியலாம். ஆனால் தலையில் உள்ள குழியின் வடிவம், கம்ப்ரஷன் விகிதம், சூட்டைத் தாங்க வளையக் காடியில் செய்த ஏற்பாடு எல்லாம் வேறுபடும். டர்போ இன்ஜினில் பிஸ்டனின் அடிப்பக்கத்தைக் குளிர்விக்க ஆயில் பீய்ச்சும் ஜெட்டும் பெரும்பாலும் இருக்கும். சாதா பிஸ்டனை டர்போ இன்ஜினில் போட்டால் முதல் நாள் நன்றாகத்தான் ஓடும். லோடு ஏற்றி ஒரு மலைப்பாதை ஏறும்போதுதான் கதை தெரியும். அதனால் பிஸ்டன், லைனர், ரிங் மூன்றையும் உங்கள் இன்ஜினின் பாக எண்ணுக்கே உரிய புது செட்டாகப் போடுங்கள். மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் இது இல்லை.

கனெக்டிங் ராடில் மிச்சம் பிடிக்கலாம். ஒரே வகை, ஒரே பாக எண் என்றால் ஆறு சிலிண்டர் இன்ஜினில் இருந்து நல்ல ராடுகளைத் தேர்ந்து நான்கு சிலிண்டருக்குப் போட முடியும். ஆனால் ராடும் அதன் கீழ் மூடியும் ஒன்றாக வைத்துக் குடையப்பட்ட ஜோடி. ஒரு ராடின் மூடியை இன்னொன்றில் மாட்டக் கூடாது. இரண்டிலும் ஒரே குறி அடித்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு எல்லா ராடுகளையும் எடை போட்டு, தயாரிப்பாளர் சொல்லும் வித்தியாசத்துக்குள் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். மளிகைக்கடைத் தராசு போதாது, கிராம் கணக்கில் காட்டும் தராசு வேண்டும். மெயின் பேரிங் மூடிகளும் அப்படித்தான்: அவை அந்தந்த பிளாக்கோடு சேர்த்துக் குடையப்பட்டவை. வேறு பிளாக்கின் மூடியைப் போட்டால் கிராங்க் நேராகச் சுற்றாது.

பழைய கிராங்க் வாங்கினால், அது ஏற்கெனவே எத்தனை முறை அரைக்கப்பட்டது என்பதுதான் முக்கியம். 0.25 மி.மீ., 0.50 மி.மீ. என்று படிப்படியாக அரைத்து, அதற்கேற்ற தடிமனில் பேரிங் போடுவார்கள். கடைசிப் படி வரை அரைத்து முடித்த கிராங்க் மலிவாகத்தான் கிடைக்கும், ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை. லேத் பட்டறையில் மைக்ரோமீட்டர் வைத்து அளந்து, விரிசல் சோதனையும் செய்த பிறகு பணம் கொடுங்கள்.

கேம் ஷாஃப்ட், கிராங்க், பம்பு இவை நான்கு சிலிண்டருக்கும் ஆறு சிலிண்டருக்கும் இடையே மாறாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் காமன் ரெயில் வண்டிகளில் இன்ஜெக்டரைக்கூட இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. பல மாடல்களில் ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் தனிக் குறியீடு உண்டு, அதை இ.சி.எம்.மில் பதிய வேண்டும்.

இதில் சட்டமும் வருகிறது. பி.எஸ்.4 விதிமுறை 2017 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க வந்தது, பி.எஸ்.6 2020 ஏப்ரல் 1 முதல். "சென்சார் தொல்லையே வேணாம், பழைய மேனுவல் பம்பு மாட்டி விட்டுரலாம்" என்ற யோசனை இந்த வண்டிகளுக்குச் செல்லாது. வண்டி எந்த விதிமுறையில் பதிவானதோ அதே நிலையில்தான் ஓட வேண்டும். புகைச் சோதனையில் பி.எஸ்.4-க்கு முந்தைய டீசல் வண்டிகளுக்கு 65 ஹார்ட்ரிட்ஜ் அலகு வரை விடுவார்கள், பி.எஸ்.4 வண்டிக்கு 50 தான்.

எண் எங்கே இருக்கிறது?

இன்ஜின் எண் பொறிக்கப்பட்டிருப்பது சிலிண்டர் பிளாக்கில். நீங்கள் ஹெட்டை மாற்றினாலும், கிராங்கை மாற்றினாலும், ராடு, டர்போ, ஆயில் பம்பு எதை மாற்றினாலும், அதே வகைப் பாகமாக இருக்கும்வரை எண் மாறுவதில்லை. ஆர்.சி.யில் கைவைக்க வேண்டியதும் இல்லை. கடை பில்லைப் பத்திரமாக வைத்துக்கொண்டால் போதும்.

'ஹாஃப் இன்ஜின்' என்று சொல்லி விற்பது பிளாக்கும் அதற்குள் உள்ளவையும் சேர்ந்தது. அதை அப்படியே இறக்கினால், உங்கள் வண்டியில் இப்போது வேறோர் இன்ஜின் எண். மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு இதற்குத்தான். பதிவுச் சான்றில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது, இன்ஜினை மாற்ற முன் அனுமதி வேண்டும், மாற்றிய 14 நாட்களுக்குள் பதிவு அதிகாரிக்குத் தெரிவித்து ஆர்.சி.யில் புது எண்ணை ஏற்ற வேண்டும். பத்து அல்லது அதற்கு மேல் போக்குவரத்து வாகனங்கள் வைத்திருப்பவர்களுக்கு, அதே தயாரிப்பு, அதே வகை இன்ஜினை முன் அனுமதி இல்லாமல் மாற்றிக்கொள்ள மாநில அரசு அறிவிக்கை மூலம் அனுமதி தரலாம் என்கிறது அதே பிரிவு. ஒற்றை லாரிக்காரருக்கு அந்தச் சலுகை இல்லை. இது கொஞ்சம் தலைகீழாகத் தோன்றலாம், ஆனால் சட்டம் இப்போது இப்படித்தான் இருக்கிறது.

தெரிவிக்காமல் விட்டால்? 182ஏ பிரிவின்படி, சட்டம் அனுமதிக்காத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அபராதத்தைவிடப் பெரிய தொல்லை எஃப்.சி.யில் வரும். எட்டு வருடம் தாண்டிய லாரிக்கு எஃப்.சி. ஒவ்வொரு வருடமும் எடுக்க வேண்டும். அங்கே ஆய்வாளர் எண்ணை ஒப்பிட்டுப் பார்க்கும் நாளில் வண்டி நின்றுவிடும். விபத்து நடந்து காப்பீட்டு நிறுவனத்தின் சர்வேயர் வரும் நாளில் எண் ஒத்துவராமல் போனால், அதைவிட மோசம்.

சில இடங்களில் "அந்த நம்பரை அரைச்சுட்டு உங்க நம்பரையே பொறிச்சுத் தர்றேன்" என்பார்கள். அது குற்றம். மாட்டினால் வண்டி காவல் நிலையத்தில் நிற்கும். பிளாக் திருட்டு வண்டியுடையதாக இருந்துவிட்டால், பழி உங்கள் மேல்தான் விழும். அதனால் வாங்குவதற்கு முன்பே, தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 'வாகன் சமன்வய்' இணைய சேவையில் அந்த இன்ஜின் எண்ணையும் சேஸிஸ் எண்ணையும் கொடுத்துப் பாருங்கள். திருட்டுப் புகார் இருந்தால் தெரிந்துவிடும். எண் தேய்ந்து போனதாகவோ புதிதாக அடித்ததாகவோ தெரிந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம்.

விண்ணப்பிக்க, மத்திய அரசின் பரிவாகன் தளத்தில் வாகனம் தொடர்பான சேவைகளுக்குள் போய், வாகன மாற்றத்துக்கான விண்ணப்பத்தைத் தேர்ந்தெடுங்கள். ஆர்.சி., நடப்புக் காப்பீடு, புகைச் சான்று, இன்ஜின் வாங்கிய பில் இவை கைவசம் இருக்கட்டும். எந்த வண்டியிலிருந்து எடுத்தது என்ற விவரம் பில்லில் இருப்பது நல்லது. தவணை பாக்கி இருந்தால் கடன் கொடுத்த நிறுவனத்தின் எழுத்துப்பூர்வ ஒப்புதலும் வேண்டும், இதில்தான் பலருக்கு நாள் போகிறது, முதலிலேயே கேட்டு வையுங்கள். புது பிளாக் வாங்கி அதில் எண்ணே இல்லாமல் வந்தால், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தைக் கேட்காமல் எதையும் பொறிக்கக் கூடாது. வண்டியை மோட்டார் வாகன ஆய்வாளரிடம் காட்ட வேண்டியிருக்கும் என்பதால், எண் உள்ள இடத்தில் உள்ள கிரீஸையும் பெயின்ட்டையும் துடைத்து வையுங்கள்.

எஃப்.சி. தேதிக்குக் குறைந்தது ஒன்றரை மாதம் இருக்கும்போதே வேலையைத் தொடங்குங்கள். பழைய பிளாக்கையும் அவசரப்பட்டுக் காயலான் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். புது எண்ணோடு ஆர்.சி. கைக்கு வரும்வரை, பட்டறையின் ஒரு மூலையில் அது கிடக்கட்டும்.