தோலில் அச்சுப் பதிக்கப் பழகுவோருக்கு: திண்டுக்கல் தோலிலிருந்து தொடங்குவோம்

தோலில் பூவேலை செய்யப் பழகணும்னு நினைக்கிறவங்க முதலில் தேடுவது அச்சுகளைத்தான். இலை, பூ, வட்டம், கூடைப்பின்னல்னு இருபது முப்பது அச்சு அடங்கிய பெட்டிகள் இணையத்தில் கிடைக்குது. வாங்கி, வீட்டில் கிடக்கும் பழைய கைப்பை தோலை வைத்து ஓங்கி அடிச்சா லேசா ஒரு தடம் விழும். மறுநாள் காலையில் பார்த்தா அதுவும் பாதி மறைஞ்சிருக்கும். குறை பெரும்பாலும் அடித்த கையில் இல்லை, தோலில். அதனால் தோலில் இருந்தே தொடங்குவோம். அதைப் புரிஞ்சுக்க திண்டுக்கல் நல்ல ஊர்.

எந்தத் தோலில் அச்சு நிற்கும்?

பச்சைத்தோல் என்பது கொலாஜன் என்ற புரத இழைகள் பின்னிக் கிடக்கும் ஒரு வலை. அப்படியே விட்டால் அழுகும், காய வைத்தால் விறைக்கும். அழுகாமலும் விறைக்காமலும் ஆக்குவதுதான் பதனிடுதல். அதில் இரண்டு பெரிய வழிகள் உண்டு.

முதலாவது, மரப்பட்டை, காய் இவற்றில் இருக்கும் துவர்ப்புப் பொருளான டானினில் ஊற வைப்பது. டானின் மூலக்கூறுகள் பெரியவை. இழைகளுக்கு நடுவே போய் அடைத்துக்கொண்டு தோலுக்குத் திண்மை கொடுக்கும். இரண்டாவது, குரோமியம் உப்பில் பதனிடுவது. 1884-இல் அமெரிக்காவில் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் இதற்குக் காப்புரிமை வாங்கினார். மெட்ராஸ் கலைப்பள்ளியில் ஆல்பிரட் சாட்டர்டன் 1900-களின் தொடக்கத்தில் இதைச் சோதித்துப் பார்த்து இங்கே கொண்டுவந்தார். பட்டையில் வாரக்கணக்கில் ஆகிற வேலை குரோமில் ஓரிரு நாளில் முடிஞ்சுடும். இன்றைக்கு உலகத்தில் பெரும்பகுதித் தோல் குரோம் தோல்தான்.

குரோம் தோல் மென்மையானது, நீளும், அழுத்தினால் திரும்ப எழும்பும். செருப்புக்கும் சோபாவுக்கும் அதுதான் வேணும். அச்சுக்கு அதே குணம்தான் எதிரி. பட்டைத் தோலோ ஈரத்தில் களிமண் மாதிரி இளகும். அழுத்திய இடத்தில் இழைகள் நெருங்கி, காய்ந்ததும் அப்படியே நின்றுவிடும். அச்சுவேலை முழுக்க இந்த ஒரு குணத்தின் மேல்தான் நிக்குது.

கடையில் சோதிக்க மூணு வழி:

- வெட்டிய ஓரத்தைப் பாருங்க. நடுவில் நீலமோ சாம்பலோ தெரிஞ்சா குரோம். முழுக்க பழுப்பா இருந்தா பட்டைத் தோலாக இருக்க வாய்ப்பு அதிகம்.
- ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்க. உடனே உறிஞ்சி கருத்தால் நல்லது. உருண்டு ஓடினால் மேலே பூச்சு இருக்கு, அச்சுக்கு ஆகாது.
- நனைந்த இடத்தில் நகத்தால் அழுத்துங்க. தடம் நின்றால் வாங்கலாம்.

ஈ.ஐ. தோல்

திண்டுக்கல், திருச்சி, ஈரோடு டேனரிகளில் பட்டையில் பதனிட்ட தோலுக்கு வியாபாரத்தில் ஈ.ஐ. தோல்னு பேர். 'ஈஸ்ட் இந்தியா' என்பதன் சுருக்கம். அரைகுறையாக முடித்த நிலையிலேயே நூறு ஆண்டுக்கும் மேலாக லண்டன் சந்தைக்குப் போன சரக்கு. இப்போது புவிசார் குறியீடும் இதற்கு உண்டு.

பழைய முறையின் உயிர் ஆவாரம்பட்டை. நம்ம கரிசல், செம்மண் வெளிகளில் மஞ்சளாகப் பூத்து நிற்கும் அதே ஆவாரைதான். பட்டைச் சாறில் ஊறிய தோல் வெயில் பட்டால் சிவக்கும். அதைக் கட்டுப்படுத்தவும் நிறத்தை வெளிறச் செய்யவும் கடைசியில் கடுக்காய் நீரில் ஒரு குளியல். பிறகு எண்ணெய் தடவிக் காய வைப்பார்கள். பின்னாளில் ஆவாரையின் இடத்தை வாட்டில் மரப்பட்டை பெரிதும் பிடித்தது. இதே மாவட்டத்தில் இருக்கும் கொடைக்கானல் மலையில் புல்வெளிகளை விழுங்கிய அந்நிய மரம்னு இப்போ பேசுறோமே, அதே வாட்டில்தான். டானினுக்காகத்தான் அதை மலையில் நட்டார்கள்.

பழகுகிறவர் கவனிக்க வேண்டிய ஒன்று: திண்டுக்கல்லில் பெரும்பாலும் ஆட்டுத்தோல். மெல்லிசு, ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான் வரும். இதில் ஆழமான பூவேலை முடியாது. மேலோட்டமான அச்சு, கோடு, புத்தக அடையாளம், சின்ன பர்ஸ் இவற்றுக்குப் பிரமாதமா இருக்கும். மேற்கு வங்கத்தின் சாந்திநிகேதன் தோல் பைகளைப் பார்த்திருப்பீங்க. புடைத்த பூக்களும் கையால் பூசிய வண்ணமுமாக இருக்கும். தாகூர் 1922-இல் தொடங்கிய ஸ்ரீநிகேதனில் வளர்ந்த அந்தக் கைவேலைக்கும் அடிப்படை, தென்னாட்டில் இருந்து போகும் இந்த ஈ.ஐ. தோல் வகைதான். பெல்ட் மாதிரி கனமான வேலைக்கு மூணு மில்லிமீட்டர் மாட்டுத்தோலோ எருமைத்தோலோ வேணும். அதை ஈரோட்டுப் பக்கம் கேட்கணும். சென்னை பெரியமேட்டுக் கடைகளிலும் பார்க்கலாம்.

ஈரம்தான் பாதி வேலை

தோலை நனைக்கும்போது தொட்டித் தண்ணீரில் முக்க வேண்டாம். ஸ்பாஞ்சால் முகப்பு முழுக்க ஒரே சீராகத் துடைக்கணும். ஒரு பக்கம் மட்டும் நனைத்தால் வட்டமாகக் கறை நிற்கும். நனைத்தவுடன் அடிக்கவும் கூடாது. அப்போ தோல் சொதசொதன்னு இருக்கும், அச்சின் விளிம்பு மழுங்கும். நிறம் மெல்ல வெளுத்து, காய்ந்த நிறத்துக்குக் கிட்டத்தட்ட திரும்பும் வரை பொறுங்க. கன்னத்தில் வைத்தால் குளிர்ச்சி தெரியணும், கையில் ஈரம் ஒட்டக்கூடாது. அந்த நேரத்தில் அடித்தால் தடம் கூர்மையாக விழும், அடிபட்ட பள்ளம் மட்டும் கொஞ்சம் கருத்தும் காட்டும். அந்தக் கருமைதான் வேலைக்கு அழகு.

வெந்நீர் வேண்டவே வேண்டாம். பட்டைத் தோல் 70–85 டிகிரி செல்சியஸ் சூட்டிலேயே சுருங்கிவிடும். ஈரத் தோலை அடுப்புப் பக்கத்திலோ உச்சி வெயிலிலோ காய வைப்பதும் கூடாது.

அச்சு, சுத்தி, கல்

அடியில் அசையாத கனமான கல் இருக்கணும். மேஜை மேல் வைத்து அடித்தால் பாதி வேகத்தை மேஜை குடிச்சுடும். சமையல் மேடைக்குப் போட்டு மிஞ்சிய கிரானைட் துண்டு போதும். சுத்தி மரத்திலோ கெட்டி ரப்பரிலோ இருக்கட்டும். இரும்புச் சுத்தி அச்சின் தலையைச் சிதைக்கும்.

அச்சு பித்தளையில் இருந்தாலும் நிக்கல் பூசிய எஃகில் இருந்தாலும் சரி. வெறும் இரும்பு ஆகாது. ஈரத் தோலில் இருக்கும் டானினோடு இரும்பு சேர்ந்தால் நீலக்கருப்புக் கறை பிடிக்கும். கடுக்காயோடு அன்னபேதி சேர்த்து அந்தக் காலத்தில் மை காய்ச்சினார்களே, அதே வேதியியல்தான். கறை விழுந்தால் எலுமிச்சைச் சாற்றை நீர்த்துத் தடவினால் பெரும்பாலும் போயிடும். பிறகு தண்ணீரால் துடைத்துவிடணும்.

திண்டுக்கல் பூட்டுக்கும் பேர்போன ஊர். பூட்டு வேலையில் அரம் பிடிக்கத் தெரிந்த கைகளுக்குப் பித்தளைக் கம்பியின் நுனியை ராவி ஒரு அச்சு செய்வது பெரிய காரியமில்லை. இருபது அச்சுப் பெட்டியை விட இப்படி நாலு அச்சு போதும்: ஒரு புள்ளி, ஒரு பிறை, ஒரு சாய்வு, ஒரு பொடிப்புள்ளிப் பரப்பு.

வேலை வரிசை இதுதான். படத்தை முனை மழுங்கிய குச்சியால் தோலில் வரையணும். வெளிக்கோட்டைத் தோலின் பாதிக் கனத்துக்குள் கத்தியால் கீறணும். கோட்டின் வெளிப்பக்கத்தைச் சாய்வு அச்சால் அமுக்கணும், அப்போ பூ எழும்பி நிற்கும். கடைசியில் பின்னணியைப் பொடிப்புள்ளியால் நிரப்பணும். ஆட்டுத்தோலில் கத்தி வேண்டாம், வரைந்ததும் நேரா அமுக்கலாம். இடைவெளி சீராக வரப் பழகுவதற்குப் புள்ளிக்கோலம் நல்ல பாடம். கழிவுத் துண்டில் ஏழு புள்ளி ஏழு வரிசை அடித்துப் பாருங்க. ஒவ்வொரு அடியும் ஒரே வேகத்தில் விழுதான்னு பள்ளத்தின் ஆழமே சொல்லிடும்.

'இயற்கைத் தோல்' பற்றி ஒரு வார்த்தை

பட்டையில் பதனிட்டது என்பதால் இது மாசில்லாத் தோல்னு விற்கிறாங்க. குரோமியம் இல்லை என்பது நிஜம். ஆனால் பச்சைத்தோல் டேனரிக்கு வரும்போதே உப்புப் போட்டுத்தான் வரும். முடி கழற்றச் சுண்ணாம்பும் சல்பைடும் வேணும். அந்த உப்பும் கழிவும் எந்தப் பட்டையாலும் மறையாது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28-இல் தீர்ப்பளித்தபோது, ஆளுக்கு 10,000 ரூபாய் அபராதம் விதித்த டேனரிகளில் அன்றைய திண்டுக்கல் அண்ணா மாவட்ட டேனரிகளும் இருந்தன. மாசு செய்தவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கோட்பாட்டை இந்தியச் சட்டத்தில் ஊன்றிய தீர்ப்புகளில் அதுவும் ஒன்று. கிணற்று நீர் உவர்த்துப்போன ஊர்க்காரங்களுக்கு இது சட்டப் பாடம் இல்லை, அன்றாடக் கஷ்டம்.

இன்னொன்றும் உண்டு. நமக்கு ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்காக இருக்கும் இந்த வேலை, தலைமுறை தலைமுறையாகச் சிலர் மேல் சாதியின் பேரால் சுமத்தப்பட்டது. தோலைத் தொட்டதற்காகவே தள்ளி வைக்கப்பட்டவர்கள் அவர்கள். அதே தோலில் நாம் அடித்த பூ 'கைவினை'ன்னு பேர் வாங்குது. தெருமுனையில் செருப்புத் தைப்பவரிடம் பழகக் கேட்டுப் போகலாம். தோலின் கனம், இழை ஓடும் திசை, எங்கே நீளும், எங்கே கிழியும் என்பதெல்லாம் அவர் விரலுக்குத் தெரியும். ஆசிரியரிடம் போவது மாதிரிப் போங்க. அவர் செலவிட்ட நேரத்துக்குக் காசும் கொடுங்க.

முதல் மாதத்துக்கு

முழுத் தோல் வாங்க வேண்டாம், கழிவுத் துண்டுகளே போதும். முதல் வாரம் ஈரம் மட்டும்: நனைத்து, கால் மணிக்கு ஒருமுறை அதே அச்சை அடித்து, எந்த நேரத்தில் தடம் கூர்மையாக வருதுன்னு துண்டின் பின்புறம் எழுதி வைங்க. இரண்டாம் வாரம் நேர்க்கோடும் புள்ளியும். மூன்றாம் வாரம் கூடைப்பின்னல். அது ஒரே அச்சு திரும்பத் திரும்ப விழுவது, முதல் வரிசை கோணினால் கடைசி வரிசை வரை கோணும். நாலாம் வாரம் ஒரே ஒரு ஆவாரம்பூ அடித்துப் பாருங்க. அஞ்சு இதழ்தான், பழகுவதற்குத் தோதான பூ.